டாக்கீஸ் ஸ்டாப்

லிஃப்ட் தளத்துக்குத் தளம் நின்று பெயர் சொல்லிக்கொண்டே ஏறியது. "மீன் ஏலக்கூடம்" என்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். "பழைய கச்சேரி" என்றது, யாரும் இறங்கவில்லை. "டாக்கீஸ் ஸ்டாப்" என்றதும் ரெமிஜியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்தத் தளத்தில் டாக்கீஸ் எதுவும் கிடையாது. கீழே ஏலக்கூடத்தில் மீன் வாடைகூட இல்லை. எல்லாத் தளங்களும் ஒரே அச்சில் வார்த்தவைதாம். நீண்ட நடை, இருபுறமும் சாம்பல் நிறக் கதவுகள், கோடியில் ஒரு குடிநீர்க் குழாய். கயத்தாறு மேட்டில் அடுக்குமாடிகளாலேயே ஆன அடுக்கூரைக் கட்டி முடித்தபோது தளங்களுக்கு எண்கள் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஜனங்கள் எண்ணைச் சட்டை செய்யவில்லை. கடலுக்குள் போன தூத்துக்குடியில் எந்த பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தார்களோ, அந்தப் பெயரைத் தங்கள் தளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் லிஃப்டும் அதைக் கற்றுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை. கீழ்த்தளத்துச் சிற்றாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் வேக வேகமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பூசைக்குப் பிறகு 'ஊர் நேரம்'. அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுக்கூரில் சமையல் கிடையாது, சண்டை கிடையாது, பிள்ளைகளுக்குப் பாடம் கிடையாது. ஆளாளுக்குப் பாயை விரித்துப் படுத்து, நினைவுப்பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு, மீளூருக்குப் போய்விடுவார்கள். மீளூர் என்றால், இடமீட்பு வாரியத்தார் கட்டிக் கொடுத்த பழைய ஊர். செங்கல்லால் கட்டியது அல்ல. பட்டை மண்டைக்குள் விரித்துக் காட்டுகிற ஊர்.

பக்கத்து வீட்டுப் பிரகாசி கதவைத் திறந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். கையில் பட்டை தயாராக இருந்தது.

"ரெமி, இன்னைக்காவது வாயேன்ட்டி. டாக்கீஸ்ல பால்கனியும் தொறந்துட்டாங்களாம்."

"நீ அங்கன படம் பாத்திருக்கியா?" என்று கேட்டாள் ரெமிஜியா.

"பாக்காம? எங்கப்பா தோள்ல உக்காந்துல்லா பாத்தேன். எடவேளையில முட்ட போண்டா வாங்கித் தந்தாக."

"ஒங்கப்பா பொறக்கதுக்கு முன்னாலயே அத இடிச்சாச்சு, பிரகாசி."

"போட்டி. அந்தப் போண்டாச் சூடு இன்னும் நாக்குல நிக்கு. எனக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரும்?"

கதவு சாத்திக்கொண்டது. பிரகாசி பொய் சொல்கிறவள் இல்லை. நாக்கில் சூடு நிற்கிறது என்றால் நிற்கத்தான் செய்யும். ரெமிஜியா பயந்தது அதனால்தான்.

ஊர் போனது ஒரே நாளில் இல்லை. வருஷா வருஷம் கடல் ஒரு தெருவாக எடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஓர் ஐப்பசியில் மிச்சத்தை மொத்தமாக வாரிக்கொண்டது. பழைய புகைப்படம் பார்த்தாவது ஆறுதல் அடையலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. மூன்று தலைமுறைப் படங்களையும் வரைபடங்களையும் பூட்டி வைத்திருந்த கணினி மேகக் கிடங்கைக் குளிர்ச்சிக்காகக் கடல் ஓரத்திலேயே கட்டியிருந்தார்கள். மேகம் என்று பெயர் வைத்துத் தரையில் கட்டிய புத்திசாலிகள் கரைக்குப் பக்கத்திலா கட்டவேண்டும்? ஊரும் ஊரின் படங்களும் சேர்ந்தே முழுகின.

ஆகவே ஊரை ஜனங்களின் மண்டையிலிருந்துதான் எடுக்கவேண்டியிருந்தது. ஊர் இழந்தவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கு இடமீட்பு வாரியத்தார் முகாம் முகாமாக வந்தார்கள். நெற்றியில் பட்டையைக் கட்டி ஒரு பெயரைச் சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் உள்ளே என்ன எழும்புகிறதோ அதைத் தடம் எடுத்துக்கொள்வார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆட்களின் தடம் ஒத்துப்போனால் அந்த இடம் மீளூரில் எழும்பும். ஒத்துப்போகாத இடங்கள் வெறும் பனிமூட்டமாகக் கிடக்கும். தேவாலயம் ஒத்துப்போயிற்று. ஏலக்கூடம், மேலூர்ச் சந்தை, உப்பள வரப்பு எல்லாம் ஒத்துப்போயின. "டாக்கீஸ் ஸ்டாப்" என்று சொன்னதும் அத்தனை பேர் மண்டையிலும் ஒரு சினிமாக் கொட்டகை எழும்பியது.

அங்கே கொட்டகை இருந்தது உண்மைதான். ஆனால் இப்போது இருக்கிறவர்கள் யாரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. இடித்துத் தரைமட்டமாக்கி எத்தனையோ காலம் கழிந்தும் கண்டக்டர்கள் "டாக்கீஸ் எல்லாம் எறங்கு" என்றுதான் கூவினார்கள். ஜனங்களும் அப்படியே சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். நம் ஊர்களில் எல்லாம் வழக்கம் அதுதானே. கட்டடம் போனாலும் ஸ்டாப்பின் பெயர் போகாது. பட்டை மட்டும், நீ அதைப் பார்த்தாயா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் எப்போதோ மனசுக்குள் கட்டி வைத்திருந்த கொட்டகையை எடுத்துச் சேர்த்து ஒரே கொட்டகையாக நிறுத்திவிட்டது. ரெமிஜியாவைத் தடம் எடுத்த அன்று அவளுக்குள்ளும் முதலில் எழும்பியது ஒரு வெள்ளைச் சுவரும் டிக்கெட் ஜன்னலும்தான். எடைமேடை அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் பட்டையைக் கழற்றி அடுத்த ஆளுக்குக் கட்டிவிட்டார்கள்.

அவள் காலத்தில் அந்த இடத்தில் நின்றது எடைமேடைதான். உப்பு லாரிகளை நிறுத்தி எடை போடுகிற பெரிய இரும்புத் தகடு. பக்கத்தில் தகர ஷெட். ஷெட்டுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் வட்ட முகப்பும் சிவப்பு முள்ளும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் மகன் கிளிட்டஸ் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அந்தத் தகட்டில் ஏறுவான். இரண்டு காலையும் சேர்த்து வைத்துத் தொம்மென்று குதிப்பான். குதித்த உடனே நிமிர்ந்து முள்ளைப் பார்ப்பான். லாரி ஏறினால் நகர்கிற முள் அவனுக்கா நகரும்? அடுத்த நாளும் குதிப்பான். வீட்டுக்கு நடக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி வரும்.

"டாக்கீஸ் எங்கம்மா?"

"அது எப்பவோ போச்சுல. வா, நேரமாச்சு."

முகாமில் பரவிய காய்ச்சலில் அவன் போய்விட்டான். ஏழு வயது. அவளிடம் மிஞ்சியது முகாம் அட்டையில் இருந்த ஒரே படம். மொட்டைத் தலையும் காய்ச்சல் கண்ணுமாக, யார் பிள்ளையோ போல இருப்பான் அதில். அவள் அந்த அட்டையைக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள்.

பட்டை கட்டிப் போகிறவர்களைத் தவிர மீளூரில் ஆட்கள் கிடையாது. வாரியத்தார் இடத்தை மட்டும்தான் கட்டினார்கள். ஆனால் பட்டையைக் கட்டிக்கொண்டு உரிய இடத்தில் போய் நின்றால், அந்த இடத்து ஆளை உங்கள் மனசே கொண்டுவந்து நிறுத்தும். பிரகாசி ஏலக்கூடத்தில் தன் தாயைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறாள். மூன்றாம் வீட்டுக்காரர் உப்பள வரப்பில் அண்ணனோடு நடந்துவிட்டு வருகிறார். அடுக்கூரில் இத்தனை பேர் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதே அதனால்தான்.

ஆரம்பத்தில் ரெமிஜியாவும் போனாள். தங்கள் வீட்டுத் தெருவில் போய் நின்றாள். தெரு ஏறக்குறையச் சரியாக இருந்தது. வீட்டுக் கதவு மட்டும் பச்சையாக இருந்தது, அதைத் திறந்துகொண்டு கிளிட்டஸ் வரவில்லை. தன் வீட்டுக் கதவு பச்சை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மூன்று வாரம் போய்வந்த பிறகு, பச்சை இல்லாவிட்டால் என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பட்டை காட்டுவது உள்ளே இருப்பதன் மேல் படிந்துவிடுகிறது. பல பேருடைய ஊர் வந்து ஒருத்தியுடைய ஊரை மூடிவிடுகிறது. பட்டையைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டாள். கதவு போனால் போகட்டும், எடைமேடை போகக்கூடாது. எடைமேடை மீளூரில் எழும்பினால் கிளிட்டஸ் அதன்மேல் வந்து குதிப்பான். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

வாரியத்தில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் மறுப்புக் கொடுத்து, அவர் தடமும் இன்னொரு சாட்சியின் தடமும் ஒத்துப்போனால் அந்த இடத்தைத் திரும்ப ஆராய்வார்கள். எடைமேடை ஆள் சங்கரபாண்டி முகாமிலேயே இறந்துபோனார். லாரிக்காரர்கள் எந்த ஊரிலோ. அக்கம்பக்கத்தார் எல்லாரும் கொட்டகைக்குப் போய்ப் போய் எடைமேடையை மறந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது அவள் கணவர் தனிஸ்லாஸ் ஒருவர்தான். மறுப்புகள் மலைபோலக் குவிந்து கிடந்ததால் முறை வர ஆறேழு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை மீளூர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஊர் நேரத்தில் எல்லாரும் பட்டையைக் கட்டும்போது ரெமிஜியா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் பக்கத்து ஜன்னலில் போய் உட்காருவாள். மங்கள வார்த்தை ஜெபத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மணிக்கும் எடைமேடையின் ஒரு பொருள். முதல் மணிக்குத் தகடு. அடுத்ததற்குத் தகட்டின் ஓரத்தில் தேய்ந்து மின்னுகிற விளிம்பு. அப்புறம் ஷெட்டின் ஓட்டை, ஓட்டை வழியாக விழும் வெயில், சிவப்பு முள், முள்ளின் கீழே படிந்த உப்புத்தூள், சங்கரபாண்டியின் வெற்றிலைச் செல்லம், கூரைமேல் வந்து உட்காரும் காக்கை. வாரியத்தார் நுணுக்கம் கேட்பார்கள் என்று வருஷத்துக்கு வருஷம் பொருள்களைக் கூட்டிக்கொண்டே போனாள். கிளிட்டஸுக்கு என்று அவள் மணி ஒதுக்கவில்லை. இவ்வளவும் அவனுக்காகத்தானே, அவனை யாராவது மறப்பார்களா?

தனிஸ்லாஸ் அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குச் சீட்டு விளையாடப் போவார். தண்ணீர்ப் பிரிவில் வேலை. அதிகம் பேசாத மனுஷன்.

முறை வந்துவிட்டது என்று வாரியத்திலிருந்து ஆள் சொல்லிவிட்டுப் போன அன்று சாயங்காலம், ரெமிஜியா அவரை உட்கார வைத்துப் பாடம் கேட்டாள்.

"ஷெட்டு எந்தப் பக்கம்?"

"வலது. இல்ல, இடது."

"சங்கரபாண்டி அண்ணாச்சி உக்காருத பெஞ்சு?"

"பெஞ்சு..." அவர் கண்ணை மூடினார். "ஏ ரெமி, ஒருவேள டாக்கீஸும் அங்கன இருந்திருக்குமோ? எடமேடைக்குப் பக்கத்துல?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க அங்க போகலேல்ல?"

"எங்க?"

"அந்தக் கொட்டகைக்கு."

"போகல" என்றார் தனிஸ்லாஸ், தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக்கொண்டு. "நான் எதுக்குப் போறேன்."

நம்பினாள். நம்பாமல் வேறு யாரிடம் போய்ச் சாட்சி கேட்பாள்?

வாரிய அலுவலகம் அடுக்கூரின் கிழக்குக் கட்டடத்தின் உச்சித் தளத்தில் இருந்தது. அலுவலர் செண்பகவல்லி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கடலைப் பார்க்காமலேயே வளர்ந்தவள் என்றாலும் கடலுக்கு ஊரைக் கொடுத்தவர்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று தெரிந்திருந்தது. இருவருக்கும் மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"அம்மா, முதல்லயே சொல்லிடறேன். இந்தத் திரையில இடம் மட்டும்தான் துலங்கும். ஆளுங்க இருந்தா வெறும் நிழலாத் தெரிவாங்க, முகம் தெரியாது. இன்னொண்ணு. ஒருதரம் திரையில பாத்த நினைவு கலங்கிரும். அதனால ரெண்டாந்தரம் மறுப்பு கொடுக்க முடியாது. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

"யோசிக்க என்ன இருக்கு. கட்டுங்க" என்றாள் ரெமிஜியா.

பட்டை நெற்றியில் இறுகியது. செண்பகவல்லி பெயரைச் சொல்லாமல், "நீங்க பஸ்ஸ விட்டு இறங்கறீங்க" என்று மட்டும் சொன்னாள். எதிர்ச் சுவரில் எடைமேடை எழும்பியது.

ரெமிஜியா முன்னால் குனிந்து பார்த்தாள். அப்படியே இருந்தது. விளிம்பு மின்னியது. ஓட்டை வழியாக வெயில் விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு முள், அதன் கீழே உப்புத்தூள். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சங்கரபாண்டி நிழலாக உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி எழுந்து நின்று பார்த்தாள். இவ்வளவு கூரான தடத்தை நான் பார்த்ததே இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இப்ப வருவான்" என்றாள் ரெமிஜியா.

காக்கை வந்து கூரையில் உட்கார்ந்தது. வெயில் அசைந்தது. தகடு வெறுமையாகக் கிடந்தது.

"பிள்ள ஓடி வருவான். ரெண்டு காலயும் சேத்துக் குதிப்பான்."

"அவசரமில்லம்மா. மெதுவா நினைச்சுப் பாருங்க."

அவள் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். ஷெட்டின் ஓட்டை இன்னும் துலங்கியது. செல்லத்தின் மூடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. காக்கை திரும்பவும் பறந்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. தகட்டின்மேல் ஒரு கையளவு நிழல்கூட விழவில்லை. அவனை இழுத்துப் பிடிக்க முகாம் அட்டையின் மொட்டைத் தலையைத் தவிர அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த முகம் இந்த வெயிலுக்குள் வர மறுத்தது. இத்தனை வருஷமும் இடத்தை உருட்டி உருட்டி மெருகேற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள், பிள்ளை எப்போது இறங்கிப் போனான் என்று கவனிக்கவே இல்லை.

செண்பகவல்லி மெதுவாகப் பட்டையைக் கழற்றினாள். "இடம் போதும்மா, எங்களுக்கு இடம்தான் கணக்கு. ஐயாவோடது ஒத்துப்போனா மேடை எழும்பிரும்" என்று தேற்றினாள்.

தனிஸ்லாஸ் உட்கார்ந்தார். அவர் முகத்தில் வேர்த்திருந்தது. "வேண்டாம் தாயி" என்று அலுவலரிடம் முணுமுணுத்தார். பட்டை ஏற்கெனவே இறுகியிருந்தது.

சுவரில் வெள்ளைக் கொட்டகை எழும்பியது. டிக்கெட் ஜன்னல், சுருட்டிக் கட்டிய சிவப்புத் திரைச்சீலை, வரிசை வரிசையாக மர நாற்காலிகள். முன்னால் பெரிய திரை வெறுமையாக ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அங்கே என்ன படம் ஓடியது என்பதில் மட்டும் ஜனங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதனால் மீளூர் டாக்கீஸில் எப்போதும் வெறும் வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் வாரா வாரம் கொட்டகை நிரம்புகிறது.

முன்வரிசை நாற்காலியில் ஒரு சின்ன நிழல் ஏறி நின்றது. இரண்டு காலையும் சேர்த்துத் தொம்மென்று குதித்தது. குதித்த உடனே நிமிர்ந்து திரையைப் பார்த்தது. மறுபடி குதித்தது. மறுபடி நிமிர்ந்து பார்த்தது.

அவன் எதைப் பார்க்கிறான் என்று அந்த அறையில் ரெமிஜியாவுக்கு மட்டும்தான் தெரியும். முள் இருக்கவேண்டிய இடத்தில் அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நடந்தது இதுதானா ஐயா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ஆமா" என்றார் தனிஸ்லாஸ். குரலில் கள்ளம் இல்லை. "எம்மவன்தான். நாற்காலிய ஒடச்சிருவான்னு பயந்துகிட்டே இருப்பேன். உப்புத்தூளு ஒட்டுன தலை. முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கும். சிரிச்சாம்னா..."

செண்பகவல்லி கொஞ்ச நேரம் சுவர்த் திரையை அணைக்காமல் நின்றாள். பிறகு சொன்னாள்: "ஒத்துப்போகலைங்கம்மா."

"அவன எடுத்து எம் மேடையில வைக்க முடியாதா?" ரெமிஜியா கேட்டாள். "இவரு பிள்ளையும் எம் மேடையும் சேந்தா முழுசாயிரும்லா. நீங்களே பாத்தியளே."

"பாத்தேன். அம்மாவோட இடம் அசல். ஐயாவோட பிள்ள அசல். ஆனா ரெண்டும் ஒரே மண்டையில இல்லையே. நாங்க ஒட்ட வச்சா அது எங்க கைவேலையாத்தான் இருக்கும். ஒரு ஆள் தடத்த வச்சு இடத்த எழுப்ப சட்டத்துல வழியில்ல. என்னை மன்னிச்சிருங்கம்மா."

அவள் மீது கோபப்படக்கூட முடியவில்லை. அந்தப் பெண் உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது லிஃப்ட் தன் பாட்டுக்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திய பிறகுதான் ரெமிஜியா வாயைத் திறந்தாள்.

"எப்ப இருந்து போறீங்க?"

தனிஸ்லாஸ் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு வருசம் இருக்கும். சீட்டுன்னு சொல்லிட்டு மாடியில வச்சுத்தான் பட்டையக் கட்டுவேன். சத்தியமா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவோம்னுதான் போனேன். உள்ளயிருந்து அவன் சத்தம் கேட்டுது ரெமி. நாற்காலி மேல குதிக்க சத்தம். எப்படித் திரும்புவேன்? நீ சொல்லு. ஒரு தகப்பன் எப்படித் திரும்புவான்?"

"அது அவன் இல்லங்க."

"அவன்தாம்ட்டி. நீ என் பட்டையில வந்து பாத்திருக்கணும். அவன் கழுத்து வேர்வ வாடைகூட வருது எனக்கு. ஒனக்கு என்ன வருது? இரும்புத் தகடுதான வருது."

சொன்ன மறுகணமே அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவளைக் கொன்றது. அவள் உள்ளே போய் அரிசி களைந்து உலை வைத்தாள். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணையும் வரை அங்கேயே நின்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஜெபமாலையை உருட்டிப் பார்த்தாள். தகடு வந்தது. விளிம்பு வந்தது, ஆனால் கொஞ்சம் மங்கலாக. அலுவலர் சொன்னது சரிதான், கலங்கத் தொடங்கியிருந்தது. சிவப்பு முள்ளை நினைத்தால் அதன் பின்னால் வெள்ளைச் சுவர் ஒன்று தெரிந்தது. யாருக்காகக் காப்பாற்றுவது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சங்கரபாண்டிக்காகவா? காக்கைக்காகவா? பிள்ளை ஏறாத தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அவனிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது முகமும் இல்லை, உருவமும் இல்லை. டாக்கீஸ் எங்கம்மா என்ற ஒரே ஒரு கேள்வி மட்டும் காதில் கிடந்தது. அந்தக் குரல்கூட அவனுடையதா, தன் குரலைத்தான் சின்னதாக்கிக் கேட்கிறாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டையை எடுத்தாள். தூசி தட்டினாள். தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ரெமி, நல்லா யோசிச்சியா? போயிட்டா அப்புறம் உன் மேட வராது."

"தெரியும்" என்றாள். "பாய விரிங்க. ரெண்டு பேருக்கும் சேத்து விரிங்க."

படுத்தார்கள். பட்டையைக் கட்டும்போது அவள் கடைசியாக ஒருமுறை சிவப்பு முள்ளை நினைத்துக்கொண்டாள். அது அசையாமல் நின்றது.

மீளூரில் பஸ் வந்து நின்றது. "டாக்கீஸ் எல்லாம் எறங்கு" என்று ஒரு குரல் கூவியது. இறங்கினார்கள். வெள்ளைக் கொட்டகை வெயிலில் பளபளவென்று நின்றது. கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பிரகாசி பால்கனிப் படியிலிருந்து கையை ஆட்டி, "வந்துட்டியாட்டி" என்றாள். உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. முறுக்கு வாடை வந்தது. திரையின் வெறும் வெளிச்சம் எல்லார் முகத்திலும் விழுந்துகொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ விம்மினார்கள். எல்லாரும் தத்தம் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தனிஸ்லாஸ் அவளை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு நாற்காலியை விட்டு இருவரும் இருபுறமும் உட்கார்ந்தார்கள். அவர் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டிருந்தது.

"பாரு, ஏறி நிக்கான். ஏல, பாத்துல, அம்மா வந்திருக்கா பாரு." அவர் காற்றில் கையை நீட்டி யாரையோ தாங்கிக்கொண்டார். "சிரிக்கான் ரெமி. உன்னப் பாத்துத்தான் சிரிக்கான். தெரியுதா?"

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். மரம், நான்கு ஆணி, கொஞ்சம் தேய்ந்த கைப்பிடி. வேறு எதுவும் இல்லை.

"தெரியுது" என்றாள்.

வெளியே எடைமேடை இருந்த இடத்தை நினைத்துப் பார்த்தாள். அங்கேதான் இப்போது அவள் உட்கார்ந்திருந்தாள். தகடு எந்தப் பக்கம், ஷெட் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. தேடவும் தோன்றவில்லை. காதுக்குள் அந்தக் கேள்வி மட்டும் வழக்கம்போல வந்தது. அந்த நாளில் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, நேரமாச்சு என்று சொல்லித் தட்டிவிட்ட கேள்வி. அவள் வெறும் நாற்காலியின் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இதாம்ல, டாக்கீஸ்."